நம் ஊர்ப் பழங்களில் ஒரு கிரானி ஸ்கொயர் தோள்பை: நூல், கட்டம், எடை

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு, கட்டத்துக்கு ஒரு பழமாக வைத்து கிரானி ஸ்கொயர் (குரோஷா ஊசியால் பின்னிச் சேர்க்கும் சதுரக் கட்டங்கள்) தோள்பை ஒன்று பின்னிக் கொடுக்க வேண்டும். பார்க்கிற மாதிரிகளில் எல்லாம் ஸ்ட்ராபெரியும் கிவியும்தான் இருக்கின்றன. நம் ஊர்ப் பழங்களை வைத்துச் செய்ய முடியுமா? முன்பு அக்ரிலிக் நூலில் பின்னிய பை நாலு புத்தகம் வைத்ததும் இழுபட்டுத் தொங்கிவிட்டது, இடுக்கு வழியாகப் பேனா விழுகிறது, அதற்கு என்ன செய்வது? அம்மா வைத்திருந்த மெல்லிய லேஸ் ஊசியும் நூலும் வீட்டில் இருக்கின்றன, அவற்றை இதற்கு எடுக்கலாமா?

நம் ஊர்ப் பழங்களில் தாராளமாகச் செய்யலாம். ஸ்ட்ராபெரியைவிட அழகாகவே வரும். ஆனால் பழத்தை அப்புறம் பார்ப்போம். பை தொங்கியதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு அழகான கட்டம் போட்டாலும் மகள் ஒரு மாதம் தூக்கிவிட்டு அலமாரியில் மாட்டி வைத்துவிடுவாள்.

கிரானி கட்டத்தில் வரும் டபுள் கண்ணிகள் (ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிப் போடுபவை) உயரமானவை, அவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கும். கீழே எடை இழுக்கும்போது அந்த இடைவெளிகள் அகலத்தில் ஒடுங்கி நீளத்தில் நீளும். அக்ரிலிக் நூல் இயல்பிலேயே இழுபடக்கூடியது. ஒருமுறை நீண்டால் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. அதோடு, பெரும்பாலானோர் கைப்பிடியைப் பையின் மேல் விளிம்பில் நாலைந்து கண்ணிகளோடு தைத்துவிடுகிறார்கள். மொத்த எடையும் அந்த நாலைந்து கண்ணிகளில் போய் நிற்கிறது. ஆகவே நூலை மாற்றினால் மட்டும் போதாது, எடை நிற்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். பின்னலுக்கு வேலை அழகு காட்டுவது; புத்தகத்தைச் சுமப்பது உள்துணியும் நாடாவும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதற்கேற்ப அமைந்துவிடும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். 8 பிளை கனத்தில் வாங்குங்கள். லேபிளில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தாலும் பைக்கு 3.5 ஊசியில் பின்னுங்கள். பின்னல் நெருக்கமாக வரும், பேனா விழுகிற சிக்கல் பாதி அதிலேயே தீரும். முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் பைக்கு, கைப்பிடியும் பக்கப் பட்டையும் சேர்த்து 350 முதல் 400 கிராம் வரை பிடிக்கும். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு கட்டம் பின்னி, எடை போட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவது நல்லது. ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் பொதுவாக வருகிற அடிநிறத்தை மட்டும் ஒரே தடவையில், லேபிளில் லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) பார்த்து வாங்கிவிடுங்கள். சாய லாட் மாறினால் கடையில் ஒன்றுபோலத் தெரிந்த நிறம் வெயிலில் இரண்டாகத் தெரியும்.

சாயம் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழ நிறங்கள் என்றாலே அடர் சிவப்பு, கத்தரி நிறம், மெரூன் எல்லாம் வரும்; பக்கத்திலேயே வெளிர் நிறமும் இருக்கும். ஒவ்வொரு அடர் நூலிலும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலை இந்தப் பைக்கு எடுக்காதீர்கள். வினிகரிலோ உப்பிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வதுண்டு. ஏற்கெனவே சாயமேற்றி வருகிற பருத்தி நூலில் அதை நம்ப முடியாது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. பை எப்படியும் நனையத்தான் போகிறது.

இனி பழங்களுக்கு வருவோம். எந்தப் பழம் கட்டத்தில் நன்றாக வரும் என்பதற்கு ஒரே ஒரு கணக்குதான். கிரானி கட்டம் நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி வட்டமாக வெளியே வளர்கிறது. ஆகவே குறுக்கே வெட்டினால் நடுவிலிருந்து வெளியே நிறம் மாறிக்கொண்டே போகிற பழமாக எடுங்கள். அப்படிப் பார்த்தால் நம் வீட்டுத் தோட்டத்தில் கிடைப்பதே போதும்: மங்குஸ்தான், சக்கை (பலாப்பழம்), நுங்கு, அன்னாசி, பப்பாளி, உள்ளே சிவந்த கொய்யா, தர்பூசணி. மாம்பழமும் வாழைப்பழமும் இதில் சேராது. அவற்றின் அழகு வெளி உருவத்தில் இருக்கிறது, வெட்டு முகத்தில் இல்லை. அவற்றுக்கு வேறு இடம் வைத்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

எல்லாக் கட்டத்துக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 12 டபுள். இரண்டாம் சுற்றில் கண்ணிக்கு இரண்டாக 24. மூன்றாம் சுற்றில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு 36. இதுவரை வட்டம், இதுதான் பழம். நான்காம் சுற்றிலிருந்து அடிநிறம். 36 கண்ணியை நாலால் வகுத்தால் பக்கத்துக்கு 9. ஒன்பதில் முதல் கண்ணி மூலை: அதே கண்ணிக்குள் இரண்டு டிரெபிள், இரண்டு செயின், இரண்டு டிரெபிள். அடுத்த எட்டுக் கண்ணிகளில் வரிசையாக ஒரு டபுள், ஒரு ஹாஃப் டபுள், நாலு சிங்கிள், ஒரு ஹாஃப் டபுள், ஒரு டபுள். மூலையில் உயரமும் பக்க நடுவில் குட்டையுமாக இப்படிப் போனால் வட்டம் தானாகச் சதுரமாகிவிடும். பக்கத்துக்கு 12 கண்ணி நிற்கும். ஐந்தாம் சுற்று முழுக்க டபுள், மூலை இடைவெளியில் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள். இப்போது பக்கத்துக்கு 16. ஆறாம் சுற்று சிங்கிள், மூலையில் ஒன்று, இரண்டு செயின், ஒன்று, பக்கத்துக்கு 18. கட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் வரும். எந்தப் பழமானாலும் கடைசியில் பக்கத்துக்கு 18 கண்ணி இருந்தே ஆக வேண்டும். ஒரு கட்டத்தில் 17, இன்னொன்றில் 19 என்றால் சேர்க்கும்போது சுருக்கம் விழும்.

இங்கே நான் டபுள் என்பது ஊசியில் ஒருமுறை நூல் சுற்றிக்கொண்டு நுழைப்பது. டிரெபிள் என்பது இருமுறை சுற்றிக்கொண்டு நுழைப்பது. சிங்கிள் என்பது சுற்றாமலே நுழைப்பது; ஹாஃப் டபுள் ஒருமுறை சுற்றி நுழைத்து, ஊசியில் உள்ள எல்லா வளையத்தையும் ஒரே இழுப்பில் மூடுவது; செயின் வெறும் சங்கிலிக் கண்ணி. இது அமெரிக்க வழக்கம். பிரிட்டிஷ் மாதிரிகளில் ஒருமுறை சுற்றுவதற்கே டிரெபிள் என்று பெயர். வேறு எங்காவது பார்த்துப் பின்னுகிறபோது அது எந்த வழக்கம் என்று முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மங்குஸ்தானில் தொடங்குங்கள், கைக்கும் சுலபம், பார்வைக்கும் குளிர்ச்சி. பழத்தின் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. நாம் ஆறு வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 12 டபுளுக்குப் பதிலாக, வெள்ளை நூலில் மூன்று டபுளைத் தலையில் ஒன்றாகச் சேர்த்து ஒரு கொத்து, இரண்டு செயின், அடுத்த கொத்து என்று ஆறு கொத்துகள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு செயின் இடைவெளிக்குள்ளும் நாலு டபுள் போட்டால் 24 வந்துவிடும். இந்தச் சுற்றுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது பழத்தை ஒருமுறை வெட்டிப் பாருங்கள். தோலின் உள்பக்கம் கருஞ்சிவப்பு, வெளிப்பக்கம்தான் கறுத்த கத்தரி நிறம். இரண்டாம் சுற்றுக்கு மெரூன், மூன்றாம் சுற்றுக்குக் கத்தரி என்று பிரித்துப் போட்டால் வெள்ளைச் சுளை பளிச்சென்று எழும்பி நிற்கும். ஒரே கத்தரி நிறத்தில் இரண்டு சுற்றும் போட்டால் அது வெறும் பூவாகத்தான் தெரியும்.

சக்கைதான் இந்தப் பையின் ராஜா, அதை நடுக் கட்டத்தில் வையுங்கள். முதல் சுற்று 12 டபுள் வெளிர் சந்தன நிறத்தில், அது நடுத்தண்டு. இரண்டாம் சுற்று சுளை: வருக்கைச் சக்கையின் நல்ல மஞ்சள் நூலில், கண்ணிக்கு ஒரு பஃப் (ஒரே கண்ணியில் நூலை மூன்று தடவை நீட்டி இழுத்து, ஒன்றாக மூடும் உப்பல்), அடுத்து ஒரு செயின். 12 பஃப்பும் 12 செயினும் சேர்ந்து 24. பஃப்புக்கு நூலை மூன்று தடவை நீட்டி இழுக்கும்போது எல்லாம் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். சுளை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் தப்பில்லை, ஆனால் ஒன்று தளர்ந்து கிடந்தால் பை உராயும்போது அதில்தான் முதலில் மாட்டி இழுக்கும். மூன்றாம் சுற்று தோல். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம் எடுங்கள். இலைப் பச்சை எடுத்தால் காயாகத் தெரியும். ஒவ்வொரு செயின் இடைவெளியிலும் இரண்டு டபுள், ஒவ்வொரு பஃப்பின் தலையிலும் ஒரு பாப்கார்ன். 12 தடவை மூன்று, 36. பாப்கார்னுக்கு ஒரே கண்ணியில் நாலு டபுள் போட்டு, ஊசியை உருவி, முதல் டபுளின் தலையில் முன்பக்கமிருந்து நுழைத்து, விட்டுவந்த வளையத்தை இழுத்துக் கொண்டுவர வேண்டும். முன்பக்கமிருந்து நுழைத்தால்தான் முள் வெளியே தள்ளி நிற்கும். பையைத் தடவினால் சக்கையின் முரடு விரலுக்குத் தெரியும்.

நுங்குக்கு மூன்று கண். முதல் இரண்டு சுற்றும் பால் வெள்ளை, மூன்றாம் சுற்று கருமைக்குப் பக்கத்தில் போகிற மெரூன். கண்களைத் தனியாகப் பின்னித் தைப்பதுதான் நல்லது: ஆறு சிங்கிள் கொண்ட சின்ன வட்டம் மூன்று, லேசான நீலம் ஓடும் சாம்பல் வெள்ளையில். வெள்ளையின் மேல் அது நீர் நிற்கிற மாதிரி தெரியும்.

மற்றவை சுலபம். பப்பாளிக்கு முதல் சுற்று கருஞ்சாம்பல், அடுத்த இரண்டும் ஆரஞ்சு. கொய்யாவுக்கு இளஞ்சிவப்பில் இரண்டு சுற்று, வெளிர் பச்சையில் ஒன்று. அன்னாசிக்கு நடுவில் வெளிறிய மஞ்சள், சுற்றி அடர் மஞ்சள். தர்பூசணிக்கு இரண்டு சுற்று சிவப்பு, ஒரு சுற்று பச்சை, இரண்டுக்கும் நடுவே வெள்ளை வேண்டும். அதற்காக ஒரு சுற்றைக் கூட்டினால் கணக்கு குலையும். பின்னி முடித்த பிறகு, நூலை அடியில் பிடித்துக்கொண்டு மேலே ஸ்லிப் ஸ்டிச்சாக ஒரு சங்கிலி வரி ஓட்டினால் போதும்.

இந்த இடத்தில்தான் உங்கள் அம்மாவின் ஊசியும் நூலும் வருகின்றன. அந்த மெல்லிய எஃகு ஊசி 8 பிளை நூலுக்கு ஆகாது, நூலைப் பிளந்துவிடும். ஆனால் தர்பூசணியின் வெள்ளை வரி, கொய்யாவின் விதைகள், அன்னாசியின் கண் புள்ளிகள், எல்லாவற்றுக்கும் மேல் உள்பாக்கெட்டின் விளிம்புக்கு ஒரு லேஸ் என்று அந்த நூலுக்கு நிறைய இடம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் லேஸ் வேலை சாதாரண விஷயம் இல்லை. மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தது 1820களில். அது தலையணை மேல் ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிற லேஸ், குரோஷா அல்ல. முளகுமூடு கான்வென்டின் கைவேலையும் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நூற்றாண்டாகப் பெண்கள் இந்த மண்ணில் நூலால் சம்பாதித்திருக்கிறார்கள். பாட்டியின் நூல் பேத்தியின் பையில் ஒரு விளிம்பாகவாவது இருக்கட்டும்.

அடிநிறத்துக்கு வெளிர் சந்தனம் என் விருப்பம். பச்சை வைத்தால் சக்கையும் தர்பூசணியும் அதில் கரைந்துவிடும், கருப்பு வைத்தால் நுங்கும் மங்குஸ்தானும் காணாமல் போகும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற பைக்குச் சந்தன நிறம் அழுக்காகாதா என்றால், ஆகும். அதனால்தான் அடிப்பட்டையையும் கைப்பிடியையும் அடர் பச்சையில் போடச் சொல்கிறேன். தரையில் படுவதும் கையில் படுவதும் அவைதான்.

நூல் முனைகளை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு கட்டத்தில் நாலைந்து நிறம், ஒரு நிறத்துக்கு இரண்டு முனை, 18 கட்டம். நூற்றைம்பது முனைக்கு மேல் வந்து நிற்கும். கட்டம் முடிந்த கையோடு செருகிவிடுங்கள். பருத்தி வழுக்கும், ஆகவே ஒரு விரல் நீளம் போதாது, 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஒரு பக்கமாகச் செருகி, திரும்பி எதிர்ப்பக்கமாக, பிறகு மறுபடி முதல் திசையில் என்று மூன்று தடவை ஓட்டுங்கள். மேஜிக் ரிங்கின் முனையை நடு வட்டத்தைச் சுற்றி இரண்டு சுற்று கொண்டுபோன பிறகே மற்ற செருகல். அங்கே தளர்ந்தால் பழத்தின் நடுவில் ஓட்டை விழும்.

பின்னி முடித்த கட்டங்கள் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். டி.வி. பெட்டியில் வருகிற தெர்மாகோல் பலகையில் 10 சென்டிமீட்டர் கட்டம் வரைந்து, கட்டங்களை நனைத்துப் பிழிந்து, மூலைகளை இழுத்துக் குத்தி நிழலில் காயவிடுங்கள். குண்டூசி வேண்டாம். கடல் காற்றில் ஒரே இரவில் துரு பிடித்து நூலில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். விளக்குமாற்று ஈர்க்கிலைக் கழுவி, துண்டு துண்டாக ஒடித்துக் குத்துங்கள், அருமையாகப் பிடிக்கும்.

முன்பக்கம் மூன்றுக்கு மூன்று, பின்பக்கம் மூன்றுக்கு மூன்று, ஆக 18 கட்டம். பக்கங்களுக்கும் அடிக்கும் கட்டங்கள் வேண்டாம். 5 சென்டிமீட்டர் அகலத்தில் சிங்கிள் கண்ணியாலேயே 90 சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்று பின்னினால் ஒரு பக்கம், அடி, மறுபக்கம் மூன்றும் அதிலேயே முடிந்துவிடும். சிங்கிள் நெருக்கமானது, தொங்காது. கட்டங்களைச் சேர்க்கும்போது முதலில் குறுக்கு வரிகள் எல்லாவற்றையும் நேராக ஓட்டி முடித்து, பிறகு நெடுக்கு வரிகள். தட்டையாக வரட்டும் என்று பின் வளையத்தில் மட்டும் ஊசி விட்டுச் சேர்ப்பவர்கள் உண்டு. போர்வைக்கு அது சரி, பைக்கு இரண்டு வளையத்தையும் பிடித்துச் சிங்கிள் கண்ணியால் சேருங்கள். மேலே ஒரு சின்ன வரம்பு எழும்பும், அது ஒவ்வொரு பழத்துக்கும் சட்டம் போட்டதாகத்தான் தெரியும். கை இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடை. காடா துணி எடுத்து, வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிடுங்கள். பையின் அளவிலேயே உள்துணியைத் தைக்காமல், உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்துத் தையுங்கள். அப்போது புத்தகம் துணியின் அடியில் உட்காரும், பின்னலின் அடியைத் தொடாது. தையல் சாமான் கடையில் இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பருத்தி நாடா, கெட்டியானதாக, இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். முன்பக்கம் அடியிலிருந்து மேலே 30, தோளுக்கு 60, மறுபடி கீழே 30, அடியில் 5, பின்பக்கமும் அதே மாதிரி. ஒரே வளையமாக வந்து சேரும். சேரும் முனைகளை அடியில் வைத்து, தையல் மடிப்புக்கு இரண்டு விரல் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். நாடாவை உள்துணியின் வெளிப்பக்கத்தில், அதாவது துணிக்கும் பின்னலுக்கும் நடுவில் வரும்படி, மிஷினில் இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள். மேல் விளிம்புக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு பெருக்கல் குறித் தையல் அவசியம். வெளியே தெரிகிற தோள் பகுதிக்கு அடர் பச்சையில் 6 சென்டிமீட்டர் அகலச் சிங்கிள் பட்டை பின்னி, நாடாவைச் சுற்றி மடித்து அடியில் தைத்தால் தோளிலும் உறுத்தாது. கடைசியில் உள்துணியின் மேல் விளிம்பைப் பின்னலின் மேல் விளிம்போடு கைத்தையலாகத் தைத்துவிடுங்கள். பேனா விழுகிற மீதிப் பாதிச் சிக்கலும் இத்துடன் தீர்ந்தது.

வாழைப்பழத்துக்கு இடம் வைத்திருப்பதாகச் சொன்னேனே. கைப்பிடி தொடங்குகிற இடத்தில் தொங்கவிடக் குட்டியாக ஒரு மட்டிச் சீப்பு பின்னுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், நம் பையில் இல்லாமல் போகலாமா? கூடவே ஒரு செந்துளுவன் (செவ்வாழை), அல்லது என் கண்ணுக்கு இன்னும் அழகாகத் தெரிகிற கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்). சிவப்பில் சின்னக் குமிழாகப் பின்னிப் பஞ்சு அடைத்து, அடியில் சாம்பல் நிறக் கொட்டை ஒன்றை வளைத்துத் தைத்தால் போதும், பார்த்தவுடனே தெரியும். மாம்பழத்தையும் இதே மாதிரி தொங்கவிடலாம், ஆனால் மூன்றுக்கு மேல் போனால் பஸ் கம்பியில் மாட்டும்.

துவைப்பது கையால்தான். சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அமுக்கி எடுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். நனைந்த பருத்தி நல்ல கனம் இருக்கும். கைப்பிடியில் கொடியில் மாட்டினால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுத் தடுத்த தொங்கல் அங்கேயே தொடங்கிவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாயில் பரப்பி நிழலில் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்துணியின் மூலைகள் காய இரண்டு நாள்கூட ஆகும். அது முழுசாகக் காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகே மடியுங்கள், மடித்ததை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்காதீர்கள். பூஞ்சைப் புள்ளி விழுந்தால் சந்தன நிறத்திலிருந்து அதை எடுக்கவே முடியாது.